முந்நூறு தெனாரியமும் கடவுளின் அழகும்

கடவுள் அழகானவர் என்று எங்கள் கோயில்களில் பாடுகிறார்கள். நல்லவர், வல்லவர், நீதியுள்ளவர் என்ற அடைமொழிகளோடு இதுவும் ஒன்றாக வந்து போகிறது. யாரும் அதிலே நின்று யோசிப்பதில்லை. நல்லவரா, வல்லவரா, நீதியுள்ளவரா என்று 2009க்குப் பின்னர் எம்மவர்கள் ஆயிரம் தடவை கேட்டுவிட்டார்கள். கேட்டுக் களைத்துப் பலர் கோயிலை விட்டும் போய்விட்டார்கள். அழகானவரா என்று மட்டும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அழகு என்பது வயிறு நிறைந்தவர்களின் சங்கதி, பூச்சாடியும் நிறக் கண்ணாடியும் பாடகர் குழுவும் சேர்ந்த சங்கதி என்ற எண்ணம் எமக்குள் நன்றாக ஊறியிருக்கிறது. இத்தனை பேர் செத்துப்போன பின்பு கடவுளின் அழகைப் பற்றிக் கதைப்பது நியாயமா? கதைக்கலாமென்றால், அதை மற்றவனோடு எப்படிப் பங்கிடுவது? இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்றுதான் எழுதத் தொடங்கினோம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி, பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை மாலை, பாரிஸில் நோத்ர டாம் தேவாலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்தது. இரவு எட்டு மணிக்குச் சற்று முன்னர் அதன் ஊசிக்கோபுரம் முறிந்து உள்ளே விழுந்தது. பாலங்களிலும் ஆற்றங்கரையிலும் சனங்கள் நின்று அழுதார்கள். கோயில் வாசலே மிதிக்காத பிரெஞ்சுக்காரர்களும் அழுதார்கள். பணம் வந்து குவிந்தது. முடிவில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் கொடுத்தது 840 மில்லியன் யூரோவுக்கு மேல். முதல் இரண்டு நாட்களிலேயே நூறு மில்லியன், இருநூறு மில்லியன் என்று அறிவித்தவர்களில் வாசனைத் தைலமும் கைப்பையும் விற்றுச் செல்வந்தரான குடும்பங்களும் இருந்தன. மறு கேள்வியும் உடனேயே எழுந்தது. அந்த மாதங்களில் சனிக்கிழமை தோறும் மஞ்சள் அங்கியோடு வீதிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்த கேள்வி அது. கல்லுக்கும் மரத்துக்கும் ஒரே இரவில் இவ்வளவு காசு வருமென்றால், மனிதருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் அந்தத் திங்கட்கிழமைக்குரிய நற்செய்தி யோவான் 12ஆம் அதிகாரம். பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த நளதத் தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசுகிறாள். வீடு முழுக்க வாசனை நிறைகிறது. இதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கேட்கிறான். அன்றைய பூசைகளில் உலகமெங்கும் வாசிக்கப்பட்ட அந்தக் கேள்வி இரண்டொரு நாளிலேயே பாரிஸ் வீதிகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆறாம் நாள், ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஆடம்பர ஹோட்டல்கள். 250க்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்கள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசுவின் சுருவத்தில் இரத்தம் தெறித்திருந்த படத்தை நாமெல்லோரும் பார்த்தோம். பாரிஸில் இருக்கிற ஈழத்துக் கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு ஒரே வாரத்தில், ஒரே கைத்தொலைபேசியில், எரிகிற கோபுரமும் வந்தது, சிதறிய உடல்களும் வந்தன. கோபுரத்துக்காகக் கலங்கிய கண் அந்த ஞாயிற்றுக்கிழமை கூசியது. கூசத்தான் வேண்டுமா என்பது வேறு விடயம். கூசியது என்பது உண்மை.

யூதாஸின் கணக்கை அவ்வளவு இலேசாக ஒதுக்கிவிட முடியாது. யோவான் அவனைத் திருடன் என்று சொல்லிக் கேள்வியை முடித்துவிடுகிறார். மாற்கு அப்படிச் செய்யவில்லை. அங்கிருந்த சிலர் கேட்டார்கள் என்கிறார். மத்தேயுவிலோ சீடர்களே கேட்கிறார்கள். ஆகவே நல்ல மனிதர்களும் கேட்ட கேள்விதான் அது. ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாட் சம்பளம். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையில் இதே கூலிதான் பேசப்படுகிறது. 300 என்றால், ஓய்வுநாட்களைக் கழித்து, ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். இன்னொரு கணக்கும் நற்செய்தியிலேயே இருக்கிறது. ஐயாயிரம் பேருக்கு முன்னால் நின்றுகொண்டு 200 தெனாரியத்துக்கு அப்பம் வாங்குவதைப் பற்றிச் சீடர்கள் கதைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அந்தப் பெண் ஊற்றிய தைலத்துக்குள் ஆயிரக்கணக்கான வாய்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாவது அப்பம் இருந்தது. நிவாரண வரிசையில் நின்று வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உறைக்கும். உறைக்காதவன் பசியை அறியாதவன்.

இயேசு சொன்ன பதில்தான் எங்களை இங்கே நிறுத்துகிறது. மாற்கு 14இல், இவள் எனக்குச் செய்தது இப்படிப்பட்ட காரியம் என்று அவர் சொல்லுமிடத்தில், கிரேக்க மூலத்திலுள்ள சொல் 'கலோன்'. நல்லது என்றும் பொருள், அழகியது என்றும் பொருள். எங்கள் பழைய வேதாகமம் 'நற்கிரியை' என்று மொழிபெயர்த்தது. பிழையென்று சொல்ல முடியாது. ஆனால் அழகு வெளியே நின்றுவிட்டது. 'நல்ல மேய்ப்பன்' என்ற இடத்திலும் கிரேக்கத்தில் அதே சொல்தான். ஆதியாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் கடவுள் வெளிச்சத்தைப் பார்த்து நல்லதென்று காணும் இடத்திலும் அதே சொல். இத்தனைக்கும் தமிழுக்கு இது புதிதல்ல. சங்கத் தமிழில் 'நலம்' என்றால் நன்மையும்தான், அழகும்தான். தலைவி இழந்த பழைய அழகைத் 'தொன்னலம்' என்றார்கள். முடிக்காமல் விட்டுவந்த பல்கலைக்கழகப் படிப்பில் எமக்கு மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு சாமான்களில் இந்தச் சொல்லும் ஒன்று. நலமா இருக்கிறீர்களா என்று தொலைபேசியில் கேட்கிறபோது அழகையும் சேர்த்துத்தான் கேட்கிறோம் என்பது எங்களுக்கே மறந்துபோய்விட்டது.

சரி, அந்தப் பெண் செய்ததில் அழகு எங்கே இருந்தது? குப்பியிலா, வாசனையிலா? மாற்கு தெளிவாக எழுதுகிறார்: பாஸ்காவுக்கு இன்னும் இரண்டு நாள். அவரைக் கொல்ல வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். என் அடக்கத்துக்கு முன்கூட்டியே பூசிவிட்டாள் என்று இயேசுவே சொல்கிறார். அதே நற்செய்தியில் ஞாயிறு விடியற்காலை வேறு பெண்கள் வாசனைத் திரவியங்களோடு கல்லறைக்குப் போகிறார்கள். அங்கே பூசுவதற்கு உடல் இல்லை. மாற்குவின்படி பார்த்தால், அந்த உடலுக்கு நேரத்தோடு கிடைத்த பூச்சு பெத்தானியாவில் கிடைத்தது ஒன்றுதான். கொல்லப்படப் போகிற ஒருவனை, அவன் உயிரோடிருக்கும்போதே, தொட்டுப் பூசத் தகுந்தவனாக ஒருத்தி பார்த்தாள். ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றவர்களுக்கு முன்னால் இருந்தவனும் அன்று அந்த நாட்டில் இருந்த ஏழைகளில் ஒருவன்தான். மற்றவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அவனைப் பார்த்தாள். கலோன் என்ற சொல்லை நாம் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்களில் ஒருவர் செத்தால் குளிப்பாட்டுவோம், உடுப்பு மாற்றுவோம், தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்துவோம், செபமாலை சொல்லுவோம், கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பிறகு சேமக்காலையில் வைப்போம். 2009இல் வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் இவை எதற்கும் இடமிருக்கவில்லை. பலருக்குப் பதுங்குகுழியே புதைகுழியானது. ஓடிக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒரு பெண் நின்று, தனக்கு எந்த உறவுமில்லாத ஒரு உடலின் முகத்தில் சீலைத் துண்டொன்றைப் போட்டுவிட்டு மறுபடி ஓடினாள் என்று அங்கிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களில் எவரும் இதைப் பெரிய விடயமாகச் சொல்லவில்லை. வேறு எதையோ சொல்லும்போது இடையில் வந்தது. அந்தச் சீலைத் துண்டை முந்நூறு தெனாரியத்தோடு சேர்த்து வைக்க எமக்குத் தயக்கமில்லை.

ஆனால் இங்கு ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். துன்பம் அழகு என்று சொல்லத் தொடங்கினால் நாம் கொலைகாரனுக்குச் சாமரம் வீசுகிறோம். தியாகம், இரத்தம், விதை, முளை என்று அடுக்கிச் சாவை அலங்கரித்த எழுத்துக்களை எங்கள் சூழலில் வேண்டியமட்டும் வாசித்தாயிற்று. கிறிஸ்தவர்களும் அதற்குக் குறைந்தவர்களல்ல. பொன் முலாம் பூசிய சிலுவையைக் கழுத்தில் தொங்கவிடுகிறபோது அது ஒரு கொலைக்கருவி என்பது எவருக்கும் உறைப்பதில்லை. ஏசாயா 53ஆம் அதிகாரம் துன்புறும் ஊழியனைப் பற்றிச் சொல்லும்போது, பார்த்து விரும்பும்படியான அழகு எதுவும் அவனிடம் இருக்கவில்லை என்றுதான் சொல்கிறது. எழுதியவர் நேர்மையானவர்.

பிரான்சின் கிழக்கில், கொல்மார் நகரத்து அருங்காட்சியகத்தில், மத்தியாஸ் குறூனெவால்ட் வரைந்த இசன்ஹைம் பீட ஓவியம் இருக்கிறது. 1512க்கும் 1516க்கும் இடையில் வரையப்பட்டது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோல் பச்சை பாரித்து, உடம்பெல்லாம் முள் தைத்துப் புண்ணாகி, விரல்கள் முறுகி நிற்கும். முதற் பார்வையில் முகம் திருப்பிக்கொள்ளத் தோன்றும். அதை வரைவித்தவர்கள் இசன்ஹைமில் இருந்த அந்தோனியார் சபைத் துறவிகள். அவர்களுடைய வேலை 'அந்தோனியார் நெருப்பு' என்ற நோயால் வந்தவர்களைப் பராமரிப்பது. தோல் கறுத்து, கைகால் அழுகி விழும் நோய் அது. ரை தானியத்தில் பிடிக்கும் ஒரு வகைப் பூஞ்சணம் பாணுக்குள் சேர்வதால் வருகிறது என்று பின்னாளில்தான் கண்டுபிடித்தார்கள். அதாவது ஏழைகளை அவர்கள் தின்ற பாணே தின்றது. ஓவியர் அந்த நோயாளிகளின் தோலை எடுத்து இயேசுவுக்குப் போர்த்தினார். தன்னைப் பார்த்தே அருவருத்துக்கொண்டிருந்த ஒருவன் அந்தப் பீடத்துக்கு முன்னால் தன் புண்ணையே கண்டிருப்பான். அந்த ஓவியம் அழகானதா என்று கேட்டால், ஆம் என்போம். புண் அழகானதா என்றால், இல்லை. அந்தத் துறவிகள் புண்ணைக் கழுவினார்கள், நல்ல பாண் கொடுத்தார்கள். கழுவாமல் ஓவியத்தை மட்டும் காட்டியிருந்தால் அது மோசடி.

இந்த இடத்தில் எங்கள் குசினிக்கு வரவேண்டியிருக்கிறது. குசினிக்காரர்களுக்கென்று கிறிஸ்தவ மரபில் ஒருவர் இருக்கிறார், அவரும் பாரிஸ்காரர்தான். சகோதரர் லோறன் என்று பெயர். 1614 அளவில் லொறேன் நாட்டில் பிறந்தவர். லொறேன் அன்றைக்கு பிரான்சு அல்ல. 1766இல்தான் பிரான்சோடு இணைந்தது. முப்பதாண்டுப் போரில் அந்த நாடு சின்னாபின்னமானது. மரத்தில் கொத்துக்கொத்தாக மனிதர்களைத் தூக்கிலிட்டிருக்கும் காட்சியை அதே லொறேன்காரரான ஜாக் கல்லோ 1633இல் செதுக்கி வைத்திருக்கிறார். லோறன் அந்தப் போரில் படையாளாக இருந்தார், உளவாளியென்று பிடிபட்டார், காலில் காயப்பட்டு நொண்டியானார். 1640இல் பாரிஸ் வோஜிரார் வீதியிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். படிப்பில்லை, குருவாக முடியாது, குசினிக்கு அனுப்பினார்கள். பதினைந்து வருடங்கள் அங்கே. பிறகு செருப்புத் தைத்தார். 1691இல் இறந்தார். போரால் அழிந்த அயல்நாடொன்றிலிருந்து காயத்தோடு பாரிஸ் வந்து குசினியில் வேலை செய்தவர். லா சப்பல் பக்கம் கேட்டால் இப்படி நூறு கதை கிடைக்கும்.

அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் அவர் இறந்த பின்பு தொகுக்கப்பட்டன. சட்டியில் ஒம்லெற்றைப் புரட்டும்போதும் கடவுளின் முன்னிலையில்தான் நிற்கிறேன், கோயிலில் முழங்காலில் நிற்கும்போது இருப்பதைவிட அது எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பது அவருடைய கருத்தின் சாரம். நல்ல கருத்து. ஆனால் எங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் புத்தகத்தை மெச்சுகிறவர்களில் அதிகமானோர் சட்டி கழுவாதவர்கள். கழுவுகிறவன் மகிழ்ச்சியோடு கழுவ வேண்டும் என்ற போதனை முதலாளிமாருக்கு மிகவும் வசதியானது. லோறனுக்குப் படுக்க இடமிருந்தது, சாப்பாடு இருந்தது. வாடகையில்லை, விசாப் பிரச்சினையில்லை, ஊரிலிருந்து காசு கேட்டுத் தொலைபேசி வருவதில்லை. எங்களுக்கோ சட்டத்தில் வாரத்துக்கு 35 மணித்தியாலம், நடைமுறையில் கணக்கிலே பாதி, கணக்குக்கு வெளியே பாதி. கோப்பை கழுவும் இயந்திரத்தின் ஆவிக்குள் இரவு பன்னிரண்டு மணிக்கு நிற்பவனிடம் கடவுளின் அழகைத் தேடு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

லோறனைக் கவனமாக வாசித்தால் ஒன்று தெரியும். குசினி வேலை அவருக்கு இயல்பிலேயே வெறுப்பு. வெறுப்பு மறைந்துபோனது என்று அவர் சொல்லவில்லை. மடத்தில் பல வருடங்கள் தான் கைவிடப்பட்டவன் என்ற பயத்தோடு வாழ்ந்திருக்கிறார். எனவே குசினி இனிமையானது என்ற சாட்சியம் அவரிடம் இல்லை. வெறுப்பான இடத்திலும் ஒரு முகத்தை விலக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் இருக்கிறது. யாக்கோபு எழுதிய நிருபத்தில், பிடித்து வைக்கப்பட்ட கூலியே கூக்குரலிடுகிறது, அது கடவுளின் காதுக்கு எட்டுகிறது என்று வருகிறது. ஒம்லெற் புரட்டுகிறவனின் செபமும் கொடுக்கப்படாத கூலியின் கூக்குரலும் போய்ச் சேர்வது ஒரே காதுக்குத்தான். மணித்தியாலக் கணக்கை எழுதி வைப்பவன் பக்தி குறைந்தவன் என்று நினைப்பது லோறனை அரைகுறையாக வாசித்ததன் விளைவு.

அழகைப் பங்கிடுவது பற்றிப் பேசும்போது இன்னும் சங்கடமாக இருக்கிறது. எங்கள் சபைகளில் பங்கிடுதல் என்றால் சாட்சி சொல்லுதல். வதிவிட அட்டை கிடைத்தது, கடவுளுக்குத் தோத்திரம். வள்ளம் கவிழாமல் கரை சேர்ந்தது, கடவுளுக்குத் தோத்திரம். நன்றி சொல்லும் மனத்தை நாம் குறை சொல்லவில்லை. பக்கத்துக் கதிரையில் நிராகரிப்புக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒருவன் இருக்கிறான் என்பதுதான் பிரச்சினை. அவனுடைய காதில் அந்தச் சாட்சி எப்படி விழும்? உனக்குத் தராதவர் எனக்குத் தந்தார் என்று விழும். கவிழ்ந்த வள்ளத்தில் இருந்தவர்களுக்கும் செபமாலை தெரிந்துதான் இருந்தது. ஒருவனுக்குக் கிடைத்த கொடையை இன்னொருவனின் தண்டனையாக மாற்றிவிடும் பேச்சு எவ்வளவு இனிமையாகப் பாடப்பட்டாலும் அதில் பங்கீடு இல்லை. முதற் திருவிருந்துக்கு மண்டபம் எடுத்து, கமராக்காரருக்காகப் பிள்ளையை நாலு தரம் நற்கருணை வாங்குவதுபோல் நிற்கவைக்கும் கூத்தைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை. எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.

எங்களுக்குத் தெரிந்த குசினிகளில் மாலி நாட்டவர்களும் வங்காளதேசத்தவர்களும் எம்மவர்களோடு வேலை செய்கிறார்கள். ரமழான் மாதத்தில் நோன்பு துறக்கும் நேரம் கோடைப்பக்கமாக வந்தால், அது சரியாக மாலைச் சாப்பாட்டு நெருக்கடிக்குள் வந்து விழும். ஓடர் கடதாசிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு மற்றவன் அவனுடைய அடுப்பையும் சேர்த்துப் பார்ப்பான். பேரீச்சம்பழத்தைக் கழுவி ஒரு கோப்பையில் முன்னமே வைத்திருப்பான். ஒருவரும் நல்லிணக்கம் என்ற சொல்லைப் பாவிப்பதில்லை. செவ் சத்தம் போட்டால், இரண்டு நிமிடம் செவ், இரண்டு நிமிடம் என்று சொல்லிச் சமாளிப்பான். நத்தார் இரவு அவன் இவனுக்காக நிற்பான். கடவுளின் அழகைப் பங்கிடுதல் என்று சுவாமிமார் பிரசங்கம் வைக்கும்போது எங்கள் நினைவுக்கு வருவது இந்தப் பத்து நிமிடந்தான். இதில் யாரும் யாருக்கும் எதையும் காட்டவில்லை. பெத்தானியாப் பெண்ணும் மாற்குவின் கதையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியவர்கள் எல்லோரும் மற்றவர்கள்.

நோத்ர டாம் 2024 டிசெம்பரில் மறுபடி திறக்கப்பட்டது. எங்களில் பலர் போய்ப் பார்த்தோம். சுவர்களைக் கழுவியிருக்கிறார்கள், உள்ளே அவ்வளவு வெளிச்சம். வாசலில் காசு வாங்குவதில்லை. வேலை முடிந்து சப்பாத்தில் எண்ணெய் மணத்தோடு வருகிறவனும் போய் இருக்கலாம். அந்த 840 மில்லியன் வீண் என்று எமக்குச் சொல்ல வரவில்லை. அதே பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் யூதாஸ்கள் என்றும் சொல்ல வரவில்லை. ஏழைகள் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்ற கருத்தில் இயேசு சொன்னது உபாகமம் 15ஆம் அதிகாரத்தின் எதிரொலி. அங்கே அடுத்து வருவது, ஆகவே கையைத் திறந்து கொடு என்ற கட்டளை. தைலத்தை நியாயப்படுத்துகிறவர்கள் அந்த அடுத்த பாதியை வாசிப்பதில்லை.

மே மாதத்தில் இங்கும் கஞ்சி காய்ச்சுகிறோம். 2009இன் கடைசி மாதங்களில் அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பும் போட்டுக் காய்ச்சிச் சனத்துக்கு வார்த்த கஞ்சி. அதற்கு வரிசையில் நின்றவர்களும் எறிகணை விழுந்து செத்தார்கள், வார்த்தவர்களும் செத்தார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வரைப் பொலிஸ் கைது செய்தது. வெறும் கஞ்சிதான், அதற்கு இவ்வளவு பயம். இதை நற்கருணையோடு ஒப்பிட்டு எழுத ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நாம் அதைச் செய்யவில்லை. குடித்தவர்களில் பலர் சைவர்கள், அவர்களுடைய கஞ்சியை நாம் ஏன் எங்கள் பாத்திரத்துக்குள் ஊற்ற வேண்டும்?

எங்கள் பகுதியில் கடந்த முறை காய்ச்சும்போது ஒரு வாக்குவாதம் வந்தது. சமையலில் கைதேர்ந்த ஒரு அக்கா தேங்காய்ப்பால் விடவேண்டும் என்றார். "சப்பெண்டு கிடந்தால் பிள்ளையள் வாயிலையும் வைக்காதுகள். குடிச்சாத்தானே ஏனெண்டு கேக்குங்கள்." அங்கிருந்து வந்த ஒரு ஐயா விடவில்லை. "பிள்ளை, அண்டைக்குக் குடிச்சதுக்கை பால் கிடந்ததே? ருசியாக் காய்ச்சிப்போட்டு இதுதான் அது எண்டு எப்பிடிக் குடுக்கிறது?" இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. உண்மையைக் கெடுக்காத ருசியும், பிள்ளையை விரட்டாத உண்மையும் ஒரே பானைக்குள் வருமா என்று எங்களில் எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வாக்குவாதம் முடியுமுன்னரே தண்ணீர் கொதித்துவிட்டது. அக்கா அரிசியைப் போட்டார். அடிப்பிடிக்காமலிருக்க ஐயா கிண்டத் தொடங்கினார்.